அக்கா போட்ட ஓட்டு

ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் ஆபீஸ் போகிற வழியெல்லாம் இடதுசாரி அரசியல் பேசுகிறவன் நான். ஆனால் ஒரு நாடாளுமன்றத் தேர்தலில் சிவப்புக் கொடி வேட்பாளர் தனியாக நின்றபோது, எப்படியும் தோற்பவருக்கு ஓட்டை ஏன் வீணாக்குவது என்று பெரிய கட்சிக்குப் போட்டுவிட்டேன். அந்தக் கட்சி வேட்பாளரும் தோற்றார்.

முடிவு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, திருவிடந்தையில் மீன் விற்கும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கோயிலுக்குப் போகாமல் காப்பிகூடக் குடிக்காதவள் அவள். சாமி இல்லை என்கிறவர்களோடு சேர்ந்து கெட்டுப்போனேன் என்று என்னைத் திட்டுவாள். யாருக்குப் போட்டாய் என்று சும்மா கேட்டேன்.

"உன் சிவப்புக் கொடிக்காரருக்குத்தான். ரிசார்ட்காரன் கரைய மறிச்சு வேலி போட்டப்போ, மூணு நாளு எங்ககூட வெயில்ல குந்திகினு இருந்தாரே."

"தோத்துடுவார்னு தெரியாதாக்கா?"

"தெரியும். அதுக்கு இன்னா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இருபது வருஷம் பேசிய எனக்கு வராத துணிச்சல் இவளுக்கு எப்படி வந்தது என்று வயிறு எரிந்தது.

"நீயும் அவருக்குத்தான போட்ட?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

சந்தோஷமாக இன்னொரு துண்டு வஞ்சிரத்தை என் தட்டில் வைத்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை கூடிக்கொண்டே போனது.