கதவுக்கு வெளியே நின்றவன்

இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டில் மிட்டாய்த் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பொட்டலம் கட்டியவள் பெவர்லி ஹாரப். கல்யாணம் ஆனது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள், புருஷன் போய்ச் சேர்ந்தான். அத்தனைக்கும் நடுவில் சனிக்கிழமை சாயங்காலம் வரும் ‘விண்காவல்’ தொடரை மட்டும் அவள் விட்டதில்லை. தலைவனாக நடிப்பவர் பத்துப் பேர் மாறிவிட்டார்கள், அவள் மாறவில்லை.

பழைய பகுதிகளை ஒளிபரப்பியவர்களே அழித்துத் தொலைத்தார்கள், நாடாவை மிச்சம்பிடிக்கிறோம் என்று. எல்லாம் தெரிந்த மகாராசர்கள்! நல்லவேளை, அந்தக் காலத்துப் பிள்ளைகள் டிவிக்கு முன்னால் மைக்கை வைத்து ஒலியை மட்டும் பதிவுசெய்தார்கள். அந்த அரைமணி நேரம் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. பன்னிரண்டு வயதில் பெவர்லி அப்படிப் பிடித்த ஒரு பகுதிக்கு உலகத்தில் வேறு பிரதியே இல்லை என்று போன வருடம்தான் தெரிந்தது. ரசிகர் மன்றத்துக்கு நாடாவை அனுப்பினாள். அனுப்புமுன் போட்டுக் கேட்கவில்லை. பதிந்த நாளிலிருந்தே கேட்டதில்லை.

மன்றத்துப் பையன்கள் அந்த ஒலிக்குப் பொருத்தமாகப் படம் வரைந்து அசைய விட்டார்கள். தேவாலயக் கூடத்தில் திரையிடல். தொடரில் வருவதுபோலவே தகரத் தொப்பி போட்ட ரசிகத் தாத்தாக்களோடு பெவர்லி முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

பாதியில் விண்கலத்தின் கதவு தட்டப்பட்டது. வெளியே கும்மிருட்டில் ஒரு சின்னப் பையன் மிதந்தான். இருமினான்.

“என்னை உள்ள விடு. இங்க இருட்டா இருக்கு. சத்தம் போடமாட்டேன்.”

கூடம் உறைந்துபோயிற்று. அது பெவர்லியின் தம்பி நெவிலின் குரல். இருமிப் பதிவைக் கெடுப்பான் என்று அன்றைக்கு அவனை விளக்கில்லாத நடையில் தள்ளி, கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்தவள் அவள்தான். அடுத்த மார்ச்சில் அதே இருமல் அவனைக் கொண்டுபோயிற்று. முகம் தெரியாத யாரோ வரைந்த அந்தப் பையனுக்கு நெவிலின் விடைத்த காதுகள் எப்படி வந்தன என்று அவளுக்கு விளங்கவில்லை.

படம் முடிந்ததும், அதை வரைந்த கேரத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மிஸஸ் ஹாரப், எல்லாரும் பயந்தது அந்த இடத்துலதான். ஆனா அந்தப் பையன் பேசறது கதைவசனத்துல இல்ல. உங்க வீட்டுச் சத்தம் ஏதாவது கலந்திருந்தா சொல்லிடுங்க, எடுத்துடறோம்.”

சொன்னால் நெவிலை இன்னொரு தடவை வெளியே தள்ளியதாகும். அவளால் முடியவில்லை.

“கடைசி நேரத்துல சேர்த்திருப்பாங்க,” என்றாள். “நடிச்ச பையன் பேரு நெவில் ஷா. பெயர்ப் பட்டியல்ல போட்டுடு.”

அவள் பிறந்த வீட்டுப் பெயர் தெரியாத கேரத் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டான். பெவர்லி அவன் கையைப் பிடித்தாள்.

“ஒரு உதவி பண்ணுப்பா. அந்தக் கதவைத் திறந்து அவனை உள்ள கூட்டிக்கிற மாதிரி வரைஞ்சிடேன்.”

கேரத் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

“ஒலியில என்ன இருக்கோ அதைத்தான் நாங்க வரைவோம், மிஸஸ் ஹாரப். கடைசிவரைக்கும் கேட்டுப் பார்த்தேன். கதவு திறக்கிற சத்தமே அதுல இல்லையே.”