ருக்மணி டீச்சர் கேட்ட இடம்

ஒண்டிக்கடை நிறுத்தத்தில், எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்புக்காக நின்றுகொண்டிருந்தேன். ஜீப்பை ஓட்டி வந்த முருகேசன் இறங்கி வந்து, "நம்ம ருக்மணி டீச்சர் காலையில போயிட்டாங்கம்மா" என்றார். போன வாரம்தான் என் காப்பியில் சிக்கரி அதிகம் என்று திட்டிவிட்டுப் போயிருந்தார், மகராசி.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குரல் சுவரைத் தாண்டும். அவர் வரலாறு, நான் பக்கத்து வகுப்பில் அறிவியல். அமெரிக்கக் குடியேற்ற மக்கள் இங்கிலாந்தை ஏன் எதிர்த்தார்கள் என்ற பாடம் வந்துவிட்டால் என் பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். "காகிதத்துக்கு வரி, கண்ணாடிக்கு வரி, தேயிலைக்கு வரி. ஆனா பாராளுமன்றத்துல அவங்களுக்குன்னு ஒரு ஆள் இல்ல. வரி போட்டதை விட, கேக்காமப் போட்டதுதான் கோபம்!"

அந்தக் கோபம் எங்கள் ஊருக்கும் வந்தது. மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வீட்டுக்கு வீடு வரி உண்டு. எவ்வளவு என்பதை ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் கணவரை இழந்தவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வரி வரும், கூட்டத்துக்கு அழைப்பு வராது. ஒரு வருஷம் டீச்சர் தர மாட்டேன் என்றுவிட்டார். பயந்துகொண்டே நானும் அவர் பக்கம் நின்றேன். வரி தராத வீட்டு வாசலில் ஊர்வலம் வரும் சாமி நிற்காது, நல்லது கெட்டதுக்கு ஊர் வராது என்பது வழக்கம்.

கூட்டத்துக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சமாதானம் பேச வந்தார். "ஏனுங்க டீச்சர், பொம்பளைங்க ஊடு, பாதி குடுத்தாப் போதுமுங்க."

"அந்த அமெரிக்காக்காரங்களுக்கும் தேயிலையை விலை குறைச்சுத்தானுங்க அனுப்புனாங்க. அதையும் கடல்ல கொட்டுனாங்க."

கவுண்டர் திருதிருவென்று விழித்தார். "சரிங்க, ஒண்ணுமே தர வேண்டாம், விடுங்க."

அப்போதுதான் டீச்சருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "வரியே வேண்டாம்னா நான் இந்த ஊரே இல்லைங்களா? முழுசாத் தர்றேன். கூட்டத்துல உக்கார இடம் குடுங்க."

இடம் கிடைக்கவில்லை. நோம்பி அன்று வாசலில் கோலம் போட்டு, தேங்காய்த் தட்டோடு காத்திருந்தார். சாமி நிற்காமல் போனது. டீச்சர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். "அவங்க சண்டை போட்டுத் தனி நாடாப் போயிட்டாங்க கண்ணு. நான் எங்க போறது? எனக்கு இந்த ஊருதான் வேணும்."

அடுத்த வருஷம் கூட்டத்துக்குத் தானே ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தார். வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவரிடம் எதையும் கேட்கவுமில்லை. அவரும் வரியைக் கொடுக்காமலே திரும்பி வந்தார். ஒவ்வொரு நோம்பிக்கும் இதே கதைதான். அவரோடு சேர்ந்து போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்த வருஷம் நோம்பிக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் போய்விட்டார். வராது என்ற ஊர் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து தூக்கிப் போயிற்று. அடக்கம் முடிந்த பிறகு கவுண்டர் என் வாசலுக்கு வந்தார். "நொம்பச் சங்கடமா இருக்குதுங்க. நோம்பியத் தள்ளி வெக்கறதா, நடத்தறதான்னு கூட்டம் போட்டிருக்கறோம். நீங்க என்னங்க சொல்றீங்க? வாங்க."

டீச்சர் வீட்டுக்குள் போய் அந்தப் பாயை எடுத்துக்கொண்டேன். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். கூட்டத்தின் நடுவில் விரித்து உட்கார்ந்தேன். "நடத்துங்க. அவங்க ஊட்டு வாசலுக்கு நான் கோலம் போடறேன். சாமி அங்கயும் நிக்கோணும்" என்றேன்.