பார்வைக்கு வைத்த வீடு

திருவனந்தபுரம் பார்க்க வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பார்க்கிறார்கள். முதல் நாள் பத்மநாபசுவாமி கோவில், மிருகக்காட்சிசாலை, சாயங்காலம் கோவளம் கடற்கரை, மறுநாள் பொன்முடி. மலை மேல் பனி இருந்தால் பனியைப் பார்ப்பார்கள். பனி விலகினால் பாறையில் வரையாடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லாத நாளிலும் பார்க்க ஏதாவது வேண்டுமே. அதற்குத்தான் தாசம்மாள் இருந்தாள்.

தேயிலை எஸ்டேட்டைப் பூட்டிப் பல வருடமாகிவிட்டது. கவாத்து செய்ய ஆளில்லாமல் செடிகள் மரமாக வளர்ந்து, அடியில் காட்டெருமை வந்து படுக்கிறது. புதிதாக வந்த ரிசார்ட்டின் முன்னால் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டி வைத்திருந்தார்கள். அங்கே முதுகில் கூடையோடு நின்று தாசம்மாள் கொழுந்து கிள்ளுவாள். விருந்தினர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கிள்ளிய கொழுந்தைச் சாயங்காலம் குப்பைக்குழியில் கொட்டுவாள். ஆரம்பத்தில் கொட்டும்போது கை கூசியது. பிறகு கூசவில்லை.

அவள் அந்த வேலைக்குப் போனதில் ஒரு கணக்கு இருந்தது. எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்கு, வேலை நின்றால் வீட்டை விட வேண்டும் என்பது அவள் மாமியார் காலத்திலிருந்து கேட்டுவந்த சட்டம். படத்துக்கு நிற்பதும் வேலைதானே, அது இருக்கிறவரை வீட்டைக் கேட்க மாட்டார்கள் என்று நம்பினாள். அந்த ஒற்றை அறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. தோட்டத்துக்குப் பூச்சிமருந்தடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட கணவன் திரவியம், தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ்காரர்கள் கொடுத்த இரும்புக் கட்டிலில் கிடந்தான். மகள் ஜினிக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் துணிக்கடை வேலை. ஹாஸ்டலில் அவள் படுக்கவே இடம் போதாது.

ரிசார்ட்காரர்கள் லயத்தையும் வாங்கி விருந்தினர் அறைகளாக மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மற்ற குடும்பங்கள் விதுரா பக்கம் இறங்கிப் போய்விட்டன. தாசம்மாள் இறங்கவில்லை. ரிசார்ட் மேனேஜர் வினீத் நல்ல பையன். அவளுக்காக முதலாளியிடம் அவன்தான் பேசினான். ஒரு வீட்டை மட்டும் இடிக்காமல் வைத்து, தோட்டத் தொழிலாளி எப்படி வாழ்ந்தான் என்று விருந்தினருக்குக் காட்டலாம், அந்த அம்மாவே அதில் இருந்துகொள்ளட்டும் என்றான். கெட்ட எண்ணத்தில் பிறந்த யோசனையாக இருந்தால் தாசம்மாள் சண்டை போட்டிருப்பாள்.

வீட்டைப் பார்க்க அவனே வந்தான். ஃப்ரிட்ஜும் டிவியும் ஆகாது என்றான். கேஸ் அடுப்பு கண்ணில் படக்கூடாது, விறகடுப்பு புகைய வேண்டும், அம்மி வாசலுக்கு நேராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். கடைசியில் கட்டிலைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அம்மா ஒண்ணும் தப்பா தோணருது. கெஸ்ட் சந்தோஷமா இருக்கணும்னு வர்றதாணு. அங்கிளை இப்படிக் கண்டா அவங்களுக்குச் சங்கடமாகும். ஆள் வரும்போ மட்டும் பின்னாடி கெடத்தினா மதி, அது போதும்."

பின்னாடி என்றால் மாட்டுத்தொழுவம். பசுவைப் புலி கொண்டுபோன பிறகு அது காலியாகத்தான் கிடந்தது.

திரவியம் இதைக் கேட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

"அம்மியவிடப் பழசு நான். அத உள்ள வைக்கணுமாம், என்னைய வெளிய போடணுமாம். பழசு எதுன்னே அவனுக்குத் தெரியல்லட்டி."

"சும்மா கெடங்க. வீடு மிஞ்சுதுல்லா" என்றாள் தாசம்மாள்.

முதல் வண்டியில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ரிசார்ட் ஆட்கள் இரண்டு பேர் அதற்கு முன்பே கட்டிலைத் தொழுவத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். வந்த பெண் அம்மியில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த நிம்மதி எங்களுக்கெல்லாம் எங்கே கிடைக்கிறது என்றாள். அப்போது பின்பக்கமிருந்து இருமல் கேட்டது.

"அங்க யாரு?"

"ஆருமில்லம்மா. மாடு."

"மாடு மனுஷன் மாதிரியே இருமுதே" என்று அந்தப் பெண் சிரித்தாள். அவளுடைய குழந்தை மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தது. சினைமாடு, ஆளைக் கண்டால் மிரளும் என்று சொல்லி தாசம்மாள் தடுத்தாள். சொல்லவேண்டும் என்று அவள் யோசித்து வைத்ததில்லை. வாயில் தானாக வந்தது.

தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். அன்று மாலை அவள் கஞ்சி ஊட்டும்போது திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் பெரிய கூட்டம். தாசம்மாள் மிளகாய் அரைத்துக்கொண்டே காதைப் பின்பக்கம் வைத்திருந்தாள். சத்தமே இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு குழவியை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். திரவியம் இத்தனை நேரம் இருமாமல் இருந்ததே கிடையாது. ஒரு தடவை இருமினால் போதும், மாடு என்று ஆயிரம் தடவை சொல்லத் தயார். எழுந்து போய்ப் பார்க்கவும் முடியவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் குந்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற வினீத், கொஞ்சம் சிரியுங்கள் என்று சைகை காட்டினான். அவள் சிரித்தாள்.

வண்டி கிளம்பியதும் ஓடினாள். திரவியம் தோள்துண்டை வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக் கிடந்தான். முகம் கறுத்திருந்தது. கண்ணிலிருந்து நீர் காதுக்கு வழிந்து கட்டிலை நனைத்திருந்தது. அவள் துண்டைப் பிடுங்கி எடுத்தாள். அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகப் பொங்கி வந்தது. அவன் இருமி முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போயாச்சா?"

"போயாச்சு."

"இன்னும் உண்டுமா?"

"சாய்ங்காலம் ஒரு வண்டி வருதாம்."

அவன் துண்டுக்காகக் கையை நீட்டினான். தாசம்மாள் அதை நனைந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து அவன் கையில் கொடுத்தாள்.