கப்பல் ஏழுமலையும் கறுப்புத் துணியும்

செவ்வாய்க்கிழமை காலை பொம்மனஹள்ளி சிக்னலில் நின்றிருந்தபோது போன் வந்தது. "மேடம், நம்ம கப்பல் போயிட்டாரு." எங்கள் ஸ்டோர்கீப்பர் அழுதுகொண்டே சொன்னார். சாவுச் செய்தியிலுமா அந்தப் பட்டப்பெயர் என்று எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது.

ஆற்றங்கரை அரிப்பைத் தடுக்கும் எங்கள் நிறுவனத்தில் ஏழுமலை சைட் மேஸ்திரி, நான் பொறியாளர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே அளவு வாய். அவர் தென்னைநார் வலைக் கட்சி, நான் பிளாஸ்டிக் இழைத் துணிக் கட்சி. "உங்க வலை மூணே வருஷத்துல மக்கிடும்" என்பேன். "மக்கறதுதான் மேடம் அதோட வேலை. அதுக்குள்ள புல்லு வேர் புடிச்சுக்கும். உங்க துணி, ஊட்டுக்கு வந்த மச்சான் மாதிரி கெளம்பவே கெளம்பாது" என்பார்.

நார் வலைக்கு ஆற்றைவிடப் பெரிய எதிரி, கரையோர வீடுகளின் பாத்திரங்கள். தேய்ப்பதற்கென்று வலையைப் பிய்த்துக்கொண்டு போவார்கள். ஏழுமலை ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு மூட்டை நார் கொண்டுவந்து வீடுவீடாகக் கொடுத்தார். "அக்கா, இத வெச்சுத் தேயுங்க, வலையில கைய வெக்காதீங்க." ஒரு அக்கா, "அப்போ சோப்பு?" என்றார். மறுநாள் அவர் மூட்டையில் சோப்பும் போயிற்று.

தென்பெண்ணையின் ஒரு வளைவில் ஆறு வீடுகள். அங்கே என் கறுப்புத் துணி. ஓடு வேய்வதுபோல, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் தண்ணீர் வரும் பக்கத்துத் துண்டு மேலே கிடக்க வேண்டும். நான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நேர்மாறாக விரிக்கச் சொன்னேன். "மேடம், தண்ணி உள்ள பூந்துடும்" என்றார். "படத்துல இருக்கறபடி போடுங்க!" என்று கத்தினேன். மேலே கல் அடுக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துணி உப்பி, கப்பல் பாய்போல எழுந்து, ஜம்மென்று தமிழ்நாட்டை நோக்கிக் கிளம்பிவிட்டது. கரையில் நின்ற ஜனம் கைதட்டியது. ஏழுமலை பகல் முழுக்க மணல்மூட்டை அடுக்கியதால் வீடுகள் தப்பின.

பெரிய அதிகாரி வந்து, "யாரு ஹாக்கித்து இது?" என்று, யார் இதை விரித்தது என்று கன்னடத்தில் கர்ஜித்தார். நான் வரைபடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "நானே சார்" என்றார் ஏழுமலை.

பிறகு என்னிடம், "சும்மா இருங்க மேடம். நான் வாங்காத திட்டா? நீங்க காண்ட்ராக்ட்டு, ஊருக்கு அனுப்பிடுவானுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் பெயர் கப்பல்.

அடக்கத்தன்று அவர் வீட்டுச் சந்து முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "வேலைல தப்பே பண்ணமாட்டாரு மேடம். அன்னிக்கு மட்டும் இன்னா ஆச்சுன்னு கடைசிவரைக்கும் என்கிட்ட சொல்லல" என்றார். அப்போதும் நான், "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டேன்.

இதை எழுதி முடித்ததும் நேரே அவர் மனைவியிடம்தான் போகிறேன். ஏழுமலையைத் தெரிந்த நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எனக்கு விட்டுப்போனது, இன்று நான் பார்க்கும் இந்த வேலை. அந்தத் துணியைத் தப்பாக விரிக்கச் சொன்னது நான்.