மாம்பழத் தோலும் எலிகளும்

வெளிநாட்டுக்கு மாம்பழக் கூழ் அனுப்பும் ஃபேக்டரிகள் சித்தூரில் பெருகிய காலம். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் சுற்றிய நான் அப்படியொன்றில் தோல் அள்ளினேன். அந்தத் தோலிலுள்ள சத்து குடல் அழற்சியை ஆற்றுமா என்று திருப்பதியில் ஒரு ஆய்வுக்கூடத்தில், அந்த நோயை வரவைத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் மூட்டையோடு போன நான், அங்கேயே கூண்டு கழுவச் சேர்ந்துகொண்டேன்.

எலிப் புழுக்கையில் ரத்தம் வருவது நின்றதை முதலில் பார்த்தது நான்தான். நகரியில் தறி ஓட்டும் என் அக்காவுக்கும் அதே நோய். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்போ மாத்திரைய வுட்டுட்டுத் தோலத் துன்னட்டா?"

"எலிக்குத்தான் ஆறிகினு வருது. மனுசனுக்கு இன்னும் பாக்கல. நீ மாத்திரைய போட்டுகினே இரு."

"எலி டாக்டரு சொன்னா சரிதான்."

அக்கா மாத்திரையை விடவில்லை. தறிக்கூடம் முழுக்க, தம்பி மருந்து கண்டுபிடிக்கிறான் என்று சொல்லிவைத்தாள். நான் மறுக்கவில்லை.