ரோட்ரிக்ஸ் தீவுப் பறவை

என் கணவர் இறந்த பிறகு அவர் பெயருக்கு வந்த முதல் வெளிநாட்டுக் கவர் அது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்திருந்த ஒரு காலையில், தபால் கொண்டுவரும் பெண் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, மழைக்கோட்டுக்குள்ளிருந்து அதை எடுத்தாள்.

"சேச்சி, சாருக்க பேருக்காக்கும் வந்திருக்கு. திருப்பி அனுப்பவா?"

"வேண்டாம். இஞ்ச தா மக்கா."

கவரின் மூலையில் மொரீஷியஸ் நாட்டு ஸ்டாம்பு. அவர் அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பாறசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஸ்டாம்பு சேர்ப்பதுதான் அவருடைய ஒரே பித்து. அதிலும் எல்லா ஸ்டாம்பும் கிடையாது. அழிந்துபோன பறவைகள் மட்டும். டோடோவுக்கே ஒரு ஆல்பம் நிறைந்திருந்தது. சிறகு இருந்தும் பறக்கத் தெரியாத தடித்த பறவை. கப்பலில் மொரீஷியஸுக்கு வந்தவர்கள் அடித்துத் தின்றார்கள். அவர்களோடு வந்த பன்றியும் எலியும் முட்டைகளைத் தின்று தீர்த்தன.

"செத்துப்போனதுக்கு இம்புட்டு மரியாதையா?" என்று நான் கேலி செய்வதுண்டு.

"உயிரோட இருந்தப்பம் ஆரும் ஸ்டாம்பு போடல்லியே," என்பார், தலை நிமிராமல்.

கவரைப் பிரித்தேன். உள்ளே ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில், அவரோடு ஸ்டாம்பு மாற்றிக்கொள்ளும் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நான்கு வரி. பல மாதமாகப் பதில் இல்லையே, நலமா, நீங்கள் தேடிய சாலிடேர் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தது; கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது. கூடவே, கண்ணாடித்தாளில் சுற்றிய இன்னொரு ஸ்டாம்பு. நீண்ட கழுத்தோடு நிற்கும் பழுப்பு நிறப் பறவை.

அதைப் பற்றி அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். டோடோவின் சொந்தக்காரப் பறவை. மொரீஷியஸுக்குக் கிழக்கே ரோட்ரிக்ஸ் என்ற சின்னத் தீவில் மட்டும் இருந்தது. கூட்டமாகத் திரியாததால் தனியன் என்று பொருள்படும்படி பிரெஞ்சுக்காரர்கள் சாலிடேர் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பிடித்தால் சத்தம் போடாது, கண்ணீர் மட்டும் வடிக்கும், தீனி தொடாமல் செத்துப்போகும் என்று அங்கே போன பழைய பயணி ஒருவர் எழுதிவைத்திருக்கிறாராம். அன்று நான் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டு பாதிக் காதில்தான் கேட்டேன்.

ஆல்பத்தை எடுத்துத் திறந்தேன். டோடோக்களுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு இடத்தை அவர் காலியாக விட்டிருந்தார். சாமணத்தால் பிடித்து ஸ்டாம்பை அங்கே வைத்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைப் பதிலாகப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நம்பருக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். வயதான ஆண் குரல். நான் யார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் கணவர் இறந்த செய்தியையும் சொன்னேன். எப்போது என்று விசாரித்தார். பிறகு, "இப்போது ஆல்பத்தை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"என் வீட்டில் அப்படிப் பார்க்க ஆளும் இல்லை," என்றார். அவர் மனைவியும் போய்விட்டாராம். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள். அவருடைய அம்மா தமிழ் பேசுவாராம். அவருக்கோ வணக்கமும் கோயிலில் பாடும் சில வரிகளும் தவிர வேறொன்றும் தெரியாது. "கொஞ்சம் தமிழில் பேசுகிறீர்களா? புரியாது. ஆனாலும் கேட்க வேண்டும்," என்றார்.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். "இஞ்ச நல்ல மழையாக்கும்," என்று ஆரம்பித்தேன். "வெள்ளறடைப் பக்கம் ரப்பர் வெட்டே இல்லியாம். துணி ஒண்ணும் உணங்க மாட்டேங்கு." அவர் "உம்" கொட்டினார். அந்தச் சத்தம் என்னை மேலே பேச வைத்தது. காலையில் இப்போதும் சாயாவுக்கு இரண்டு கிளாஸ் எடுத்துவிடுகிறேன் என்றேன். டிவியை ஓடவிட்டு வேறு அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். மகன் கூப்பிட்டால் சுகமாக இருக்கிறேன் என்றுதான் சொல்வேன், சுகமாக இல்லை என்றேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கணவர் என்னிடம் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை, திரும்பக் கேட்கவும் முடியவில்லை என்றேன். தங்கையிடம்கூடச் சொல்லாதவை இவை. குரல் உடைந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

நிறுத்தியதும் அவர் ஆங்கிலத்தில், "அழகாக இருக்கிறது. மழையைப் பற்றியா?" என்றார்.

"ஆமாம்," என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் ஸ்டாம்பு அனுப்புகிறார், நானும் அனுப்புகிறேன். போன வாரம் தபாலாபீசில் புதிதாக வந்த பறவை ஸ்டாம்புகளில் இரண்டு வாங்கினேன். ஒன்று அவருக்கு.