வேண்டுதலில் இருந்த யானை

அடுத்த மாதம் திருப்பூரில் நாணயக் கண்காட்சி. அதனால் பத்து நாளாக எங்கள் வாட்ஸப் குழுவில் யாருக்கும் தூக்கமில்லை. "கோயமுத்தூர்க்காரர் இந்தத் தடவை ஒரு பொருள் எறக்கறாருங்களாம்" என்று ஒருவர் போடுவார். என்ன பொருள் என்று வெளிப்படையாகக் கேட்கும் அளவுக்கு நாகரிகமில்லாதவர் யாரும் குழுவில் கிடையாது. ஆளுக்கொரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு, தனித்தனியாகக் கவலைப்படப் போய்விடுவார்கள். ஒரு காசுகூடச் சேர்க்காத உறுப்பினர் நான் ஒருத்திதான். மாமா காலமானபின் அவருடைய போன் நம்பர் எனக்கு வந்தது. நம்பரோடு குழுவும் வந்து ஒட்டிக்கொண்டது.

நேற்று புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்டிருந்தான்: "முன்னொரு காலத்துல நம்மூர்க் கண்காட்சில ஒருத்தர் வெறும் மஞ்சத்துணி முடிச்சு ஒண்ண வெச்சிருந்தாராமா. உள்ள ரோமாபுரித் தங்கக்காசு இருந்துச்சாம். நெசமுங்களா?" கீழே வரிசையாக யூகங்கள். எடை முதற்கொண்டு போட்டிருந்தார்கள்.

தங்கமல்ல, செம்பு. ரோமாபுரியுமல்ல. எனக்கு எப்படித் தெரியுமென்றால், அந்த முடிச்சைப் போட்டதே எனக்காகத்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாப்பாடு எங்கள் வீட்டில், தூக்கம் கம்பெனியில், உயிர் காசுகளில். கல்யாணத்துக்கு மட்டும் அவருக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. சாமி நம்பிக்கை துளியும் கிடையாது. குடும்பத்தோடு சிவன்மலைக்குப் போனால் அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பார். "மேல இருக்கறவர நம்பி நீங்க போங்க, கீழ இருக்கறத நான் பாத்துக்கறேன்" என்பார். செருப்பு ஒருமுறையும் களவு போனதில்லை என்பதால் அவருடைய கொள்கைக்கு வீட்டில் மரியாதை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக்கடையில் பழங்காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். கடைக்காரரும் அவர்களில் ஒருவர். பழைய பித்தளை எடைக்கு வரும்போது அண்டாவின் அடியில் கிடக்கும் காசுகளைப் பொறுக்கிச் சேர்த்தவர். மாமா என்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார். பக்கத்துப் பட்டறைகளில் குடம் தட்டுகிற சத்தத்தில் பேசுவது எதுவும் காதில் விழாது. ஆகவே உலகிலேயே பரம ரகசியங்களைத் தொண்டை கிழியக் கத்திப் பேசிய ஒரே சங்கம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊரில் முதல்முறையாகக் கண்காட்சி வரப்போகிறது என்றதும் கத்தல் இன்னும் கூடிப்போனது. சாயப்பட்டறை முதலாளி ஒருவர் ரோமாபுரி வெள்ளிக்காசு வைத்திருக்கிறார், அதுதான் நடுமேசையில் உட்காரும் என்று முடிவாகியிருந்தது. அந்தக் காசு மாமாவின் கனவில் வருவது. அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எழுந்து நின்று கத்தினார்:

"என்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க. அன்னைக்கு வந்து பாருங்க!"

தட்டுகிற சத்தம் அந்த நொடியில் நின்றிருந்தது. ஆகவே தெருவே கேட்டது.

அப்புறம் மூன்று வாரம் யூகம்தான். சோழர் காசென்றார்கள், திப்பு காசென்றார்கள். "மாஸ்டர் சும்மா உடறாருங்க" என்றும் ஒரு கட்சி இருந்தது. பாத்திரக்காரர் என்னிடம் முறுக்கு கொடுத்து, "உங்க மாமன் பொட்டிக்குள்ள என்ன கண்ணு வெச்சிருக்குது?" என்று வேவு பார்த்தார். முறுக்கைத் தின்றேன். எனக்குத் தெரியாது என்கிற உண்மையைத் தின்று முடித்தபிறகுதான் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மாலையில் தெரிந்தது. துணியில் இழை எண்ணுவதற்குக் கம்பெனியில் ஒரு சின்ன மடக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து, வாசல் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்து, உள்ளங்கையில் எதையோ வைத்தார். விரல்நகத்தளவு, சதுரமாக, பச்சை பூத்த செம்புத்துண்டு. தாராபுரத்தில் அமராவதி ஆற்று மணலைச் சலிக்கிற ஒருவரிடம் வாங்கியதாம். நான் லென்ஸில் கண்ணை வைத்தேன்.

யானை.

எறும்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆனால் முழு யானை. தும்பிக்கை வளைந்திருந்தது, வாலில்கூட ஒரு சுழிப்பு. முன்னங்கால் ஒன்று அடியெடுத்து வைக்கத் தூக்கியபடி நின்றது. மூச்சு விட்டால் ஓடிவிடும் என்று நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். திருப்பினால் வில்லும் அம்பும்.

"சேர ராசா காசு. ரெண்டாயிரம் வருசமா இந்தக் காலத் தூக்கிட்டே நிக்குது கண்ணு. இன்னும் எறக்கி வெக்கல."

அதன்பிறகு நான் எத்தனையோ பெரிய யானைகளைப் பார்த்துவிட்டேன். ஒன்றுக்காவது அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

மறுநாள் மத்தியானம் எனக்குக் காய்ச்சல் ஏறி, கைகால் வெட்டி இழுத்தது. எனக்கு நினைவில்லை, சொல்லக் கேள்வி. மாமா சட்டையைக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இப்படி நேர்ந்தால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, 'பிள்ளையைக் காப்பாத்து, உன் மலைக்குக் கூட்டிவந்து போடுறேன்' என்று வேண்டிக்கொள்வது வழக்கம். அம்மா காசு தேடியிருக்கிறாள். ஊரில் சில்லறைப் பஞ்சம். கடையில் மீதிக்கு மிட்டாய்தான் கொடுப்பார்கள். மிட்டாயை முடிந்து வைக்க முடியாது. ஆணியில் தொங்கிய மாமாவின் சட்டைப்பையில் ஒரு காகித உறை, உள்ளே தேய்ந்த பழங்காசு. எந்தக் கடையிலும் செல்லாதென்று பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. சாமிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாதென்று முடிந்துவிட்டாள். இப்படியாக என் உயிர் ஒரு செல்லாக்காசுக்குப் பேசி முடிக்கப்பட்டது.

காய்ச்சலைத் தணித்தது ஆஸ்பத்திரி ஊசியா, மஞ்சள் முடிச்சா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். மாமா சட்டைப்பையைத் தடவினார். பிறகு வீட்டையே தடவினார். சாமி படத்தின் அடியில் இருந்த முடிச்சை அம்மா காட்டினாள்.

முடிந்த காசு சாமியுடையது. யாருக்காக முடிந்ததோ அவர் கையால்தான் உண்டியலில் விழவேண்டும். நடுவில் அவிழ்த்தால் வேண்டுதலும் அவிழ்ந்துவிடும். இது சட்டம்.

மாமாவின் முகத்தைப் பார்த்து அம்மாவே புரிந்துகொண்டாள்.

"நீ அவுத்து எடுத்துக்கோ தம்பி. வேற காசு வெச்சு முடிஞ்சுக்கலாம்."

சொல்லும்போதே அவளுடைய இன்னொரு கை என் தலையைப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. மாமா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டுங்க்கா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ரொம்பச் சுலபமாக வழி சொன்னார்: "அவுத்து, ஒரு ரூவாயப் போட்டு மறுபடி முடிஞ்சு வெச்சுருங்க மாஸ்டர். சாமிக்குத் தெரியவா போகுது?"

"சாமிக்குத் தெரியாதுங்க. எங்கக்காளுக்குத் தெரியும்."

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாமாவின் கம்பெனி வீணாய்ப்போன பனியன் துணியை மேசை விரிப்புக்குக் கொடுத்திருந்தது. பனியன் துணியின் ஓரம் சும்மா கிடக்காது, சுருண்டுகொள்ளும். மண்டபம் முழுக்க மேசைவிரிப்புகள் காசுகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தன. நடுமேசையில் ரோமாபுரி வெள்ளிக்காசு, பக்கத்தில் சாயப்பட்டறை முதலாளி. கடைசி மேசையில் மாமா. அவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் முடிச்சு. துணிக்கட்டில் தொங்கவிடும் அட்டையில் எழுதி வைத்திருந்தார்:

'சேரர் காசு. செம்பு, சதுரம். ஒருபுறம் யானை. மறுபுறம் வில், அம்பு. தற்போது வேண்டுதலில் உள்ளது.'

முதலில் சிரித்தார்கள். "மாஸ்டருக்குக் காசு கெடைக்கல, துணிதாங் கெடைச்சுது!" என்று ஒருவர் சொல்ல, இன்னும் சிரித்தார்கள். பாத்திரக்காரர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சை மெல்ல அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"நாலு மூலை இருக்குதுங்க."

சிரிப்பு நின்றது. ஆட்கள் மேசையை நெருங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக ஒற்றை விரலால் தொட்டார்கள், கைக்குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல. தொட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யானை எந்தப் பக்கம் பார்த்திருக்கும், வில் நிமிர்ந்திருக்குமா சாய்ந்திருக்குமா என்று கிசுகிசுத்தார்கள். குடம் தட்டும் சத்தத்தில் கத்தியே பழகியவர்களுக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். நடுமேசை காலியாகிவிட்டது.

சாயப்பட்டறை முதலாளியே கடைசியில் எழுந்து வந்தார். முடிச்சைத் தொட்டார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"அவுத்துருங்க மாஸ்டர். நீங்க எழுதுன மாதிரியே யானை இருந்துச்சுன்னா, என்னோட வெள்ளிக்காச எடுத்துக்கங்க. இதை எனக்குக் குடுத்துருங்க. சாமிக்கு நான் தங்கத்துலயே போட்டர்றேன்."

மாமாவின் கை முடிச்சின் மேல் வந்து நின்றது. கட்டைவிரல் நுனி முடிச்சின் காதில் பட்டதை நான் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த யானையை உலகம் பார்த்தே ஆகவேண்டும். இத்தனை பேரில் பார்த்தவள் நான் ஒருத்தி என்று எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

"அவுத்துருங்க மாமா!" என்று கத்தினேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"இது என்னுது இல்லீங்க" என்றார் முதலாளியிடம்.

எனக்கு அழுகையாக வந்தது. இவ்வளவு பயந்த ஆளை மாமனாகப் பெற்றோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் சிவன்மலை. அடிவாரத்தில் மாமா வழக்கமான டீக்கடை முன்னால் நின்று, தன் செருப்பைக் கழற்றி எங்கள் செருப்புகளின் பக்கத்தில் விட்டார்.

"அப்ப செருப்ப ஆரு பாத்துக்கறது?" என்றாள் அம்மா.

"போனாப் போகுதுங்க்கா."

படி முழுக்க என் பின்னாலேயே ஏறினார். மேலே உண்டியல் முன்னால் அம்மா முடிச்சை என் கையில் கொடுத்தாள். இறுகப் பிடித்ததில் நான்கு மூலையும் உள்ளங்கையில் குத்தின. மாமாவின் காதோடு கெஞ்சினேன்: "ஒரேயொரு தடவ பாத்துட்டுப் போட்டர்றேனுங்க மாமா. யானைய மட்டும்."

அவர் என் கையைத் தன் கையால் மூடினார். "காலத் தூக்கிட்டு நிக்குதில்ல கண்ணு. நடக்கட்டும், உடு."

போட்டேன். துணி சுற்றியிருந்ததால் சத்தமே வரவில்லை.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா கும்பிடவில்லை. குனிந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்தார். பிறகு கழுத்தில் வைத்தார். பிறகு மறுபடி நெற்றியில் வைத்து, எடுக்காமலே இருந்தார். எனக்குக் காய்ச்சல் விட்டுத்தான் மூன்று வாரம் ஆயிற்றே. பழக்கமில்லாத ஆள் மலையேறியதில் மாமாவுக்குத்தான் உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, நானும் எட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

சுடவில்லை.